படகுப் பழுதுவேலை சரியில்லை: சட்ட ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எனது ஃபைபர் படகின் அடிப்பகுதி விரிசலைச் சரிசெய்யப் பட்டறை ஒன்றில் விட்டு, முழுத் தொகையையும் செலுத்தி எடுத்து வந்தேன். தண்ணீரில் இறக்கியதுமே அதே இடத்தில் கசிந்தது. பழைய பரப்பைத் தேய்க்காமலும் ஈரத்தை உலர விடாமலும் மேலே ரெசின் (இறுகி ஒட்டும் பிசின்) பூசியிருக்கிறார்கள். புதிய அடுக்கு விரலால் இழுத்தாலே உரிந்து வருகிறது. பட்டறைக்காரரோ, படகு எதிலோ மோதியிருக்கும் என்று தட்டிக் கழிக்கிறார் (மோதிய தடம் ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம்). ரசீதும் புகைப்படங்களும் கைவசம் உள்ளன. வேறிடத்தில் சரிசெய்தால் சான்று அழிந்துவிடும் என்பதால் படகை அப்படியே கரையேற்றி வைத்திருக்கிறேன். சுயேச்சையான ஆய்வாளரிடம் முதலில் அறிக்கை பெற வேண்டுமா, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதா, நேரடியாக நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுப்பதா என்பதை இத்தகைய வழக்குகளில் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.