நட்சத்திரமெல்லாம் சரியாக வருகிறது, நிலா மட்டும் வரவில்லை: கோ-டூ டெலஸ்கோப்பில் குழப்பம்

கரிக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 130 மி.மீ. கண்ணாடி டெலஸ்கோப். குவியத்தூரம் 650 மி.மீ. இரண்டு மோட்டார், கையில் பிடிக்கும் ரிமோட், தானாகத் தேடிப் போய் நிற்கிற கோ-டூ வகை. வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

நேற்று, ஏப்ரல் 3, ராத்திரி எட்டரை மணிக்கு ஆரம்பித்தேன். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை போனில் பார்த்துப் போட்டேன். தேதி 03/04, நேரம் 20:30. சிரியஸ், ரெகுலஸ் என்ற இரண்டு நட்சத்திரங்களையும் வைத்து அலைன்மென்ட் (டெலஸ்கோப்புக்கு வானத்தை அடையாளம் காட்டுவது) செய்தேன். ‘வெற்றி’ என்று திரையில் வந்தது. ஓரியன் நெபுலாவைக் கேட்டேன், 25 மி.மீ. ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நடுவில் வந்து நின்றது. கடகத்தில் இருக்கும் எம்44 நட்சத்திரக் கொத்தும் அப்படியே வந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. வியாழனைக் கேட்டால் பக்கத்தில் எங்கோ போய் நிற்கிறது, ஐபீஸில் வியாழன் இல்லை. ஃபைண்டரில் (குறிபார்க்கும் சின்னக் கருவி) பார்த்தால் குழாய் வியாழனுக்கு மூன்று விரல் அகலத்துக்கு மேற்கே தள்ளி நிற்கிறது. நிலாவைக் கேட்டால் அதைவிட மோசம். நிலா தலைக்கு மேலே பளிச்சென்று இருக்க, குழாய் மேற்கே இறங்கி எதிர் வீட்டுக் கூரையைப் பார்க்கிறது!

இன்னொன்று. கிழக்கில் சித்திரை நட்சத்திரம் (ரிமோட்டில் ஸ்பைகா) கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் ‘தொடுவானத்துக்குக் கீழே உள்ளது’ என்கிறது. மோட்டாரில் பழுதா? திருப்பி அனுப்பிவிடலாமா?

வடமீன்77:

முதலில் பேட்டரியைப் பாருங்கள். உள்ளே போடும் சின்ன பேட்டரிகளில் ஓட்டுகிறீர்களா? இரண்டு மோட்டாரும் ஒன்றாகச் சுற்றும்போது மின்னழுத்தம் இறங்கிவிடும். ரிமோட் எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் குழாய் கண்டபடி சுற்றும். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் சரியாகும்.

கரிக்குருவி:

12 வோல்ட் பவர் டேங்க்தான் பயன்படுத்துகிறேன், முழு சார்ஜில் இருந்தது. தவிர, பேட்டரி என்றால் நெபுலாவும் தவறியிருக்க வேண்டுமே?

தாத்தாவின் குழாய்:

கரிக்குருவி சொல்வது சரி, பேட்டரி இல்லை. திருப்பி அனுப்பவும் வேண்டாம். தப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 03/04.

பல ரிமோட்டுகள் மாதத்தை முதலில் கேட்கும், அப்புறம்தான் நாள். உங்கள் ரிமோட்டைப் பொறுத்தவரை நேற்று மார்ச் 4. முப்பது நாள் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம், ‘வரவில்லை’ என்று யார் சொன்னாலும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று கேட்காமல் விடமாட்டேன். நான் கேட்காமலே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

நிலா ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை கிழக்கே நகரும். 27.3 நாளில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி அதே நட்சத்திரங்களிடம் வந்துவிடும். முப்பது நாளில் ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேல் 2.7 நாள் நடையும். 2.7 × 13 = சுமார் 35 பாகை. கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் சுமார் 20 பாகை. ஆக, உண்மையான நிலாவுக்கு ஒன்றே முக்கால் சாண் மேற்கே குழாய் போகும். கூரையைப் பார்த்தது அதனால்தான்.

வியாழன் நிதானமானது. வேகமாகப் போகும் காலத்திலும் ஒரு நாளைக்குக் கால் பாகையைத் தொடாது. முப்பது நாளில் நாலைந்து பாகை என்றால் உங்கள் மூன்று விரலுக்குப் பொருந்துகிறது. உங்கள் 25 மி.மீ. ஐபீஸில் 26 மடங்குதான் உருப்பெருக்கம், பார்வைப் பரப்பு இரண்டு பாகைக்குள் அடங்கிவிடும். அதற்குள் வியாழன் எப்படி வரும்?

சித்திரை விஷயம்: நட்சத்திரங்கள் தினமும் நாலு நிமிஷம் முன்னதாக உதிக்கின்றன. முப்பது நாளுக்கு இரண்டு மணி நேரம். நேற்று எட்டரைக்கு வானம் எப்படி இருந்ததோ, மார்ச் 4-ல் அப்படி இருக்க பத்தரை ஆகியிருக்கும். எனவே உங்கள் ரிமோட் கணக்கில் சித்திரை இன்னும் எழவில்லை. இதே காரணத்தால், மேற்கே மறைந்துபோன ஹமால் என்ற நட்சத்திரத்தை அது தாராளமாகக் காட்டும். போய்ப் பாருங்கள், அலைன்மென்ட் பட்டியலில் இருக்கும்.

‘சரி, அப்படியானால் நெபுலா மட்டும் எப்படி வந்தது?’ என்று கேட்பீர்கள். இந்த வகை டெலஸ்கோப்புக்குக் கண் கிடையாது. கேமரா இல்லை, வானத்தை அது பார்ப்பதே இல்லை. நீங்கள் சிரியஸைக் காட்டி ‘இதுதான்’ என்றீர்கள், ரெகுலஸைக் காட்டி ‘இதுதான்’ என்றீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மோட்டார் எத்தனை பாகை சுற்றியது என்று எண்ணி, தன்னிடமுள்ள வான வரைபடத்தை அதன் மேல் பொருத்திக்கொண்டது. ஓரியன் நெபுலாவும் எம்44-உம் அந்த வரைபடத்தில் அசையாமல் இருப்பவை. அவற்றுக்குத் தேதி வேண்டாம். நிலாவும் கோள்களும்தான் நகர்கின்றன, அவற்றை எங்கே குறிப்பது என்று தெரிய நாட்காட்டி வேண்டும். ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்து அலைன்மென்ட் செய்திருந்தால் எல்லாமே தவறியிருக்கும், நீங்களும் ஐந்து நிமிஷத்தில் சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

மாதம், நாள் மாற்றிப் போடுங்கள். அதே மெனுவில் நேர மண்டலமும் கோடைக்கால நேரமும் (சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது) இருக்கும். உங்கள் ஊரில் கோடைக்கால நேரம் இல்லையென்றால் அது ‘இல்லை’யில்தானே இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு மணி நேரம் பிசகினால் குழாய் முதல் நட்சத்திரத்துக்குத் தானாகப் போகும்போதே 15 பாகை வரை தவறும்.

நீலத்திரை:

தாத்தா சொன்னதற்கு மேல் ஒன்று. நட்சத்திரத்தையே மாற்றிக் காட்டிவிடுகிறவர்களும் உண்டு. மிதுனத்தில் கேஸ்டர், பொல்லக்ஸ் இரண்டும் நாலரை பாகை இடைவெளியில் ஒரே மாதிரி நிற்கும். ஒன்றைக் கேட்டு இன்னொன்றை நடுவில் வைத்தால், சில ரிமோட்டுகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும், அப்புறம் ராத்திரி முழுக்க எல்லாம் தள்ளித் தள்ளியே வரும். தனியாக நிற்கும் நட்சத்திரமாக எடுங்கள். சிரியஸ், ரெகுலஸ் நல்ல ஜோடிதான்.

கரிக்குருவி:

தாத்தா, நிலா வந்துவிட்டது! வியாழனும், நாலு துணைக்கோள்களும். ஹமாலும் சொன்னபடியே பட்டியலிலிருந்து காணாமல் போனது.

இரண்டு சின்ன சந்தேகம். கேட்பது எல்லாம் ஐபீஸுக்குள் வருகிறது, ஆனால் எப்போதும் ஒரே ஓரத்தில். அப்புறம் ரிமோட்டில் 40,000 பொருள்கள் என்று போட்டிருக்கிறது. எம்51 சுழல் அண்டத்தைக் கேட்டேன், ஒன்றுமே தெரியவில்லை. அதுவும் அலைன்மென்ட்தானா?

தாத்தாவின் குழாய்:

ஓரத்தில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பல்சக்கரத்தின் தளர்வு. பட்டனை எதிர்ப்பக்கம் அழுத்தினால் குழாய் உடனே அசையாமல் ஒரு கணம் சும்மா இருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்தச் சும்மா இருந்த சுற்றையும் கணினி எண்ணிவிடுகிறது. அதனால் அலைன்மென்ட் நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரும்போது கடைசி அசைவு எப்போதும் ஒரே திசையில் முடியட்டும். பெரும்பாலான ரிமோட்டுகளில் மேல் பட்டனும் வலப் பட்டனும், உங்கள் கையேட்டில் எது என்று பாருங்கள். நட்சத்திரம் தாண்டிப் போய்விட்டால் அப்படியே திரும்பி வராமல், நன்றாகப் பின்னால் இழுத்து மறுபடி அந்தத் திசையிலேயே வாருங்கள்.

புள்ளியாக இருக்கும் நட்சத்திரத்தை நடுவில் வைப்பது கண்ணுக்குக் கஷ்டம். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். உங்களுடையது கண்ணாடி வகை என்பதால் நட்சத்திரம் ஊதி, நடுவில் கருப்பு ஓட்டையுள்ள வளையமாகும். அந்த வளையத்துக்கும் பார்வை விளிம்புக்கும் எல்லாப் பக்கமும் இடைவெளி ஒன்றாக இருந்தால் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். 25 மி.மீ. ஐபீஸில் முடித்ததும் 10 மி.மீ. போட்டு இன்னொரு முறை.

எம்51 வேறு கதை. குழாய் சரியான இடத்தில்தான் நின்றிருக்கும். நிலா இருக்கும் வானத்தில், 130 மி.மீ. கண்ணாடியில் அது தெரியாது. நல்ல இருட்டில்கூட உங்களுக்கு இரண்டு மங்கலான பஞ்சுத் திட்டு, அவ்வளவுதான். அந்த 40,000-த்தில் பெரும்பகுதி விளம்பரத்துக்கான எண் என்பது என் கருத்து, விற்கிறவர்கள் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். மெஸ்ஸியே பட்டியலில் (எம்44, எம்51 எல்லாம் அதிலுள்ளவைதான்) இருக்கும் 110-ஐயே முடிக்க உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்.

நிலா இருக்கும் இரவில் இரட்டை நட்சத்திரங்களைப் பாருங்கள், நிலவொளி அவற்றை ஒன்றும் செய்யாது. சிம்மத்தில் ஆல்கீபாவைக் கேளுங்கள். 25-ல் ஒற்றையாகத்தான் தெரியும். 10 மி.மீ. போட்டு, குழாயின் ஆட்டம் அடங்கும்வரை கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள், இரண்டாகப் பிரியும்.