புதுப்பிப்பு: கேஸ் கீசர் சில நேரம் பற்றாத சிக்கல் தீர்ந்தது

மதுரை திருநகரில் எங்கள் வீட்டுக் கேஸ் கீசர், குழாயைத் திறந்தால் ஒரு நேரம் பற்றுவதும் மறுநேரம் பொறிச் சத்தம்கூட இல்லாமல் கிடப்பதுமாக இருந்தது குறித்து முன்பு கேட்டிருந்தேன். யோசனை கூறிய அனைவருக்கும் நன்றி.

பலரும் சொன்னபடி முதலில் பேட்டரிகளை மாற்றியதில் பயனில்லை. பொறியே தட்டவில்லை என்றால் நீரோட்டத்தைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்ததே சரியான வழி. தண்ணீர் போதிய வேகத்தில் வந்து உள்ளிருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளினால்தான் சுவிட்ச் இயங்கி எரிவாயு திறக்கும் என்பதால், சிலிண்டரையும் தண்ணீர் வால்வையும் மூடிவிட்டு, தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சிறு சல்லடையைக் கழற்றினோம். போர் தண்ணீரின் உப்புப் படிவு அதைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. வினிகரில் ஊறவைத்துக் கழுவிப் பொருத்தியபின் குழாயில் ஒருமுறையும் தவறவில்லை.

எதிர்பாராதது, ஷவரைத் திறந்தால் மட்டும் பழைய கதையே தொடர்ந்ததுதான். அதன் துளைகளிலும் உப்பு அடைத்திருந்ததால் நீரோட்டம் குறைந்திருக்கிறது. அதையும் சுத்தம் செய்தபின் இரண்டிலும் உடனே பற்றுகிறது.