மறு: ஜெர்மன் 'ஸ்டேட்டிக் டிவிஷன்' – தமிழில் என்ன?

> ஜெர்மனியின் 716 ஆம் காலாட்படைப் பிரிவின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஸ்டேட்டிக் டிவிஷன்' (ஓரிடத்தைக் காக்கவே அமைத்த பிரிவு) என்பதற்கு 'நிலைப்படைப் பிரிவு' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா? 'கரைகாவல் பிரிவு', 'நகராப் பிரிவு' என்றும் நண்பர்கள் சொன்னார்கள்.

வணக்கம்.

நிலைப்படை வேண்டாம். அரசு சம்பளம் கொடுத்து எப்போதும் வைத்திருக்கும் படைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 716 அப்படிப்பட்டதல்ல, இரண்டாம் உலகப்போர் நடுவில் 1941இல் திரட்டியது. வயது கூடியவர்கள் நிறையப் பேர்.

கரைகாவலும் சரிவராது. 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டியில் பக்கத்திலேயே ஒமாகா கரையைக் காத்த 352 ஆம் பிரிவு இந்த வகையில் சேராது. இரண்டும் கரையைத்தான் காத்தன. வேறுபாடு போக்குவரத்தில் இருக்கிறது. 352க்கு மூன்று ரெஜிமென்ட். வேறிடத்துக்குப் போய்ச் சண்டையிடும் அளவுக்கு வண்டிகளும் குதிரைகளும் கொடுத்திருந்தார்கள். 716க்கு 726, 736 என்று இரண்டே ரெஜிமென்ட். பீரங்கிகள் செக், பிரெஞ்சுப் படைகளிடமிருந்து பறித்தவை. பதுங்கறையில் உட்கார்ந்து சுடுவதற்கென்றே அமைத்த பிரிவு அது.

நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய ஜூன் 6 அன்று அதன் விளைவு தெரிந்தது. பிரிட்டிஷ், கனடியப் படைகள் இந்தப் பிரிவின் முகப்பில்தான் இறங்கின; ஒரே நாளில் பிரிவு சிதறிப்போனது. 736இன் தளபதி கர்னல் லுட்விக் க்ரூக், பிரிட்டிஷார் 'ஹில்மேன்' என்று பெயரிட்ட அரணில் சிக்கிக்கொண்டார். அன்றிரவு கான் (Caen) நகரில் இருந்த பிரிவுத் தளபதி ரிக்டரிடம் தொலைபேசியில் உதவி கேட்டார். அனுப்ப ரிக்டரிடம் ஆளில்லை. நீங்களே பார்த்து முடிவெடுங்கள் என்றுவிட்டார். மறுநாள் காலை க்ரூக் சரணடைந்தார். உங்கள் கட்டுரையில் இந்த இடத்தைச் சுருக்கிவிடாதீர்கள்.

நகராப் பிரிவு? நகரா என்றால் முரசு என்பது ஒருபுறம் இருக்கட்டும். மிஞ்சியவர்களைப் பிறகு தெற்கு பிரான்சின் மத்தியதரைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டில் அங்கிருந்தும் வடக்கே பின்வாங்க நேர்ந்தது. இவ்வளவு தூரம் நகர்ந்த நகராப் பிரிவு என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்.

என் பரிந்துரை 'தங்குபடைப் பிரிவு'. எதற்காக அமைத்தார்கள் என்பதை மட்டும் இது சொல்கிறது, நகரவே இல்லை என்று அடித்துச் சொல்வதில்லை. 352 போன்றவற்றைக் 'களப்படைப் பிரிவு' என்றால் இணையாகவும் அமையும்.

அப்புறம் ஒன்று. சோவியத் கைதிகளைக் கொண்டு அமைத்த பட்டாலியன்களும் 716இல் இருந்தன. குறள் உரையில் பரிமேலழகர் சொல்லும் அறுவகைப் படையில் கடைசியாக வரும் 'பகைப்படை', அதாவது பகைவரிடமிருந்து நம் பக்கம் வந்த படை, அவற்றுக்கு அப்படியே பொருந்துகிறது.

---

> என் பரிந்துரை 'தங்குபடைப் பிரிவு'.

எனக்குச் சம்மதம். முதலில் கேட்டபோது முகாம் நினைவுதான் வந்தது, ஆனால் களப்படைக்குப் பக்கத்தில் வைத்தால் குழப்பமில்லை. பகைப்படை மட்டும் வேண்டாம் ஐயா. பரிமேலழகர் காலத்தில் சரி. இன்று படிப்பவர் எதிரியின் படை என்றே எடுத்துக்கொள்வார், நார்மண்டியில் யார் யாரைச் சுட்டார்கள் என்றே புரியாது. ஜெர்மானியர் வைத்த பெயரையே பெயர்த்து 'கிழக்குப் பட்டாலியன்' என்று எழுதலாம். அவர்கள் யார் என்பதை முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

352ஐ அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் 'வோல்க்ஸ்கிரனேடியர்' பிரிவாகத் திருத்தி அமைத்தார்களே, அதற்கு என்ன போடுவது? 'வோல்க்' என்றால் மக்கள்தான். ஆனால் 'மக்கள்படை' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அது வேறொரு படையாகிவிடும். தனி இழையில் பேசுவோம்.