பல்லில் கோளாறு இல்லை, ஆனாலும் வாய் எரிகிறது: வாய் மருத்துவரிடம் காட்டலாமா?

கேள்வி – நிலவன்

என் அம்மாவுக்கு வயது 58. எட்டு மாதங்களாக நாக்கு நுனியும் மேல் அண்ணமும் எரிவதாகச் சொல்கிறார். காலையில் எழும்போது ஒன்றும் தெரிவதில்லை. பொழுது ஏற ஏற எரிச்சலும் ஏறி, இரவில் கண்கலங்கிவிடுகிறார். சாப்பிடும் நேரத்தில் மட்டும் சற்றுத் தணிவது எங்களுக்குப் புரியாத புதிராக இருக்கிறது. பல் மருத்துவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். எரிச்சல் அப்படியே இருக்கிறது. தோல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் வாயில் புண்ணே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒருவர் சொன்ன நாளிலிருந்து அம்மா வலியை வெளியே சொல்வதையே நிறுத்திவிட்டார். வாய் மருத்துவம் என்று ஒரு தனித்துறை இருப்பதாக அண்மையில்தான் கேள்விப்பட்டேன். அங்கே என்ன செய்வார்கள்?

பதில் – கயல்விழி

ஐயா, நான் அத்துறையில்தான் பணிபுரிகிறேன். இது பிரமை அன்று என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்.

வாய் மருத்துவம் பல் மருத்துவத்தின் ஒரு சிறப்புப் பிரிவு. வாயின் உட்சவ்வு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடை மூட்டு, முகத்து நரம்புகள் ஆகியவற்றின் நோய்களையும், உடலில் வேறெங்கோ வேர்விட்டு வாயில் தலைகாட்டும் நோய்களையும் கண்டறிந்து, பெரும்பாலும் அறுவை இல்லாமல் மருந்துகளால் கவனிப்பதே அதன் பணி. நரம்பு வலியைப் பல்வலி என்று எண்ணி நல்ல பற்களை அடுத்தடுத்து இழந்தவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நீங்கள் விவரிப்பது எரிவாய் நோய்போல் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. சவ்வு இயல்பாகவே தெரிய, நாள்தோறும் 2 மணி நேரத்துக்கு மேலாக, 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் எரிச்சலை அவ்வாறு அழைக்கிறோம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுமுன் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் குறைபாடுகள், நீரிழிவு, தைராய்டு கோளாறு, பூஞ்சைத் தொற்று, வாய் வறட்சி ஆகியவை காரணமில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வறட்சியைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை: பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சிறு கண்ணாடியைக் கன்னத்தின் உட்புறம் வைத்து எடுக்கும்போது அது ஒட்டிக்கொண்டால் உமிழ்நீர் குறைந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அம்மா எந்தெந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார்?

பதில் – வெண்மதி

என் அனுபவம் வேறு நோயைப் பற்றியது. ஈறு சிவந்து, பற்பசை பட்டாலே எரிந்தது. இரண்டு ஆண்டுகள் ஈறு நோய் என்றே சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வாய் மருத்துவர் இரண்டு கன்னங்களின் உட்புறத்தையும் விரித்துப் பார்த்து, வலை பின்னியதுபோல் இருந்த வெள்ளைக் கோடுகளைக் கண்ணாடியில் எனக்கே காட்டினார். சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் லைக்கன் பிளானஸ் என்ற நாள்பட்ட அழற்சி நோய் என்று உறுதியானது. ஸ்டீராய்டு களிம்பைத் தடவுமுன் அந்த இடத்தைப் பஞ்சால் ஒற்றி உலர்த்த வேண்டும், தடவியபின் அரை மணி நேரம் எதுவும் குடிக்கக்கூடாது என்று அவர் பொறுமையாகக் கற்றுத் தந்தார். அதே களிம்பு அதற்கு முன் எனக்குப் பலன் தராததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. முற்றிலும் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லப் புற்றாக மாறக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவருகிறேன்.

நிலவன்

இருவருக்கும் நன்றி. அம்மா ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் சாப்பிடுகிறார். அதை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில் – கயல்விழி

நீங்களாக நிறுத்தவே கூடாது. அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு வாய் எரிச்சலைத் தருவதுண்டு. மாற்று மருந்து தரலாமா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவரே முடிவு செய்யட்டும். வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டாலும் வழியில்லாமல் போகாது. வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் குளோனாசெபாம் மாத்திரையை விழுங்காமல் வாயில் சில நிமிடம் கரையவிட்டுத் துப்பும் முறை பலருக்கு எரிச்சலைக் குறைத்திருக்கிறது. ஆனால் அது மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டியது.

போகுமுன் ஒரு வாரம் காலை, நண்பகல், இரவு என்று எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்பதை அம்மாவின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளையும், மாத்திரை அட்டைகளையும், பிடுங்கிய பல்லின் எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.