தஞ்சாவூரை எரிச்ச பாண்டியர் நாட்டை ஏன் சோழர்கிட்டயே திருப்பிக் குடுத்தாரு?

வைகைக்கரை:
வணக்கம் மக்களே. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் மெய்க்கீர்த்திய (ராஜாவோட பெருமைய கல்வெட்டு ஆரம்பத்துல பாடுற பகுதி) உரையோட உக்காந்து படிச்சேன். 1216ல பட்டத்துக்கு வந்த கையோட சோழ நாட்டு மேல படையெடுத்து தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்தி, மாளிகை மண்டபம் எல்லாத்தையும் இடிச்சு, கழுதைய ஏர்ல பூட்டி உழுது கவடி விதைச்சு (எதிரி ஊர பாழாக்கிட்டேன்னு காட்டுற சடங்கு), ஆயிரத்தளில சோழங்க பட்டம் கட்டுற மண்டபத்துலயே வீராபிஷேகம் (ஜெயிச்ச ராஜா வெற்றிக்காக பண்ணிக்கிற அபிஷேகம்) பண்ணி, அப்புறம் சிதம்பரம் போய் சாமி கும்பிட்டுட்டு பொன்னமராவதிக்கு வந்து உக்காந்தாராம். அங்க ஓடிப்போன சோழன் வந்து கால்ல விழ, முடியும் நாடும் திருப்பிக் குடுத்துட்டாராம். பட்டப்பேரே "சோணாடு வழங்கியருளிய சுந்தரபாண்டியதேவர்".

என் டவுட்டு இதான். இவ்வளவு செலவு பண்ணி, இவ்வளவு பேர சாகடிச்சு ஒரு ஊரையே தரைமட்டம் ஆக்கிட்டு, கடைசில நாட்ட அவன்கிட்டயே குடுத்துட்டு வர்றதுக்கு எதுக்குய்யா போகணும்? காவேரி டெல்டா மாதிரி இடத்த யாராவது விடுவாங்களா? பக்கத்து நாட்ட பிடிக்கிறதுன்னா இவங்களுக்கு உண்மையிலேயே என்னதான் வேணும், மண்ணா காசா பேரா?

மலைக்கோட்டை மணி:
அந்தக்கால ராஜாங்க இப்ப உள்ள மாதிரி பேராசை பிடிச்சவங்க இல்ல ப்ரோ. தர்மயுத்தம். ஜெயிச்சாலும் தோத்தவனுக்கு மரியாதை குடுப்பாங்க, பொம்பளைங்க, குழந்தைங்க, கோவில் எதையும் தொட மாட்டாங்க. பெருந்தன்மைதான் காரணம், இதுல யோசிக்க என்ன இருக்கு.

கல்வெட்டுப்பித்தன்:
மணி, ஊரைக் கொளுத்திட்டு கழுதையால உழுத ஆளுகிட்ட பெருந்தன்மைய தேடுறீங்களே 😄

வைகைக்கரை, இந்தக் கதைய 1216ல ஆரம்பிச்சா புரியாது, கொஞ்சம் பின்னாடி போகணும். மதுரைல பாண்டியங்களுக்குள்ள பங்காளிச் சண்டை, அதுல மூணாம் குலோத்துங்க சோழன் (1178ல பட்டத்துக்கு வந்தவரு) மூக்கை நுழைச்சு விக்கிரமபாண்டியன்ங்கறவர தூக்கி உக்கார வைக்கிறாரு. அவருக்கு அப்புறம் 1190ல வந்த குலசேகரபாண்டியன் சோழனுக்கு அடங்க மாட்டேங்கறாரு, அவ்வளவுதான், 1205 வாக்குல குலோத்துங்கன் மறுபடி மதுரைக்குள்ள பூந்து பாண்டியங்க முடிசூட்டுற மண்டபத்தை இடிச்சு, அந்த எடத்துல கழுதை ஏர் பூட்டி உழுது கவடி விதைச்சு, அங்கயே வீராபிஷேகம் பண்ணிக்கிறாரு. கவனிச்சீங்களா, சுந்தரபாண்டியன் பின்னாடி என்னென்ன பண்ணாரோ அதே ஐட்டம், அதே வரிசை. அந்தக் குலசேகரனோட தம்பிதான் இந்த சுந்தரபாண்டியன். அண்ணன் தலைகுனிஞ்சு நின்னத கண்ணால பாத்த தம்பி பத்து வருசம் வயித்தெரிச்சலோட இருந்துட்டு பட்டம் கெடைச்ச உடனே போய் வட்டியும் முதலுமா வசூல் பண்ணிட்டு வந்திருக்காரு. முடிசூட்டு மண்டபத்துக்கு முடிசூட்டு மண்டபம், கழுதைக்கு கழுதை. அவருக்கு அந்த நேரத்துல டெல்டா வேண்டியிருந்திருக்காது, சோழன் தன் கால்ல விழுந்தத நாடே பாக்கணும். ஆள கொன்னுட்டா யாரு வந்து விழுவா?

இந்த முடி, அபிஷேகம் சமாச்சாரத்த சின்னதா நினைக்காதீங்க. முதலாம் பராந்தகன் மதுரைய பிடிச்சப்ப ராஜசிம்மபாண்டியன் முடியையும் ஆரத்தையும் தூக்கிட்டு இலங்கைக்கு ஓடிட்டாரு. அதில்லாம மதுரைல முறைப்படி பட்டம் கட்ட முடியலன்னு பராந்தகன் கேட்டு ஆளனுப்பி, கிடைக்காம, படையே அனுப்பியும் கைக்கு வரல. கிட்டத்தட்ட நூறு வருசம் கழிச்சு ராஜேந்திரன் இலங்கை மேல படையெடுத்து அந்த முடிய எடுத்துட்டு வந்து மெய்க்கீர்த்தில மறக்காம சொல்லிக்கிறாரு. அங்க ராஜாவா இருந்த அஞ்சாம் மகிந்தனையும் பிடிச்சுட்டு வந்தாங்க, மனுசன் சோழநாட்டுலயேதான் செத்தாரு.

ஒரு சைடு நோட்: தஞ்சாவூர்ல எல்லாத்தையும் இடிச்ச சுந்தரபாண்டியன் ஒரு பதினாறுகால் மண்டபத்த மட்டும் விட்டு வச்சாராம், பட்டினப்பாலை பாடினதுக்கு உருத்திரங்கண்ணனாருக்கு கரிகாலன் குடுத்ததுன்னு. திருவெள்ளறைல கல்வெட்டுப் பாட்டா இருக்கு. ஊரையே எரிக்கிறவருக்கு இந்த மட்டும் இலக்கிய ரசனை.

ஆடிட்டர் தம்பி:
நான் காசு பக்கம் இருந்து சொல்றேன். பழிவாங்கல் எல்லாம் சரி, ஆனா படைய எப்படி ஓட்டுறது? யானைக்கு தீனி, குதிரைக்கு கடல் தாண்டி வர்ற வெலை, ஆளுக்கு சோறு. போர்க்கொள்ளைதான் வருமானம். தஞ்சை பெரிய கோவில் கல்வெட்டுலயே ஒளிவுமறைவு இல்லாம எழுதி வச்சிருக்காங்க, சேரனையும் பாண்டியனையும் ஜெயிச்சு எடுத்துட்டு வந்த பண்டாரத்துல (பொக்கிஷத்துல) இருந்து குடுத்தது, சாளுக்கிய ராஜா சத்யாஸ்ரயன ஜெயிச்சுட்டு வந்து சாமி பாதத்துல போட்ட பொற்பூ, இப்படி ஐட்டம் ஐட்டமா. இலங்கைல இருந்த ஊர்களோட வருமானத்தையே அந்தக் கோவிலுக்கு எழுதி வச்சிருக்காரு ராஜராஜன். ஆக கொள்ளை அடிச்சது, அதுல கோவிலுக்கு குடுத்தது, அத கல்லுல வெட்டினது, மூணும் ஒரே கணக்கு.

நிரந்தரமா வச்சு ஆளணும்னா அது வேற செலவு. சோழங்க அதையும் பாத்துட்டாங்க. ராஜேந்திரன் தன் பையனையே சோழபாண்டியன்னு பேர் வச்சு மதுரைல உக்கார வச்சாரு, விளைவு? தலைமுறைக்கு ஒரு கலகம், ஒவ்வொரு தடவையும் தஞ்சாவூர் பக்கம் இருந்து படை போகணும். அதுக்கு பேசாம தோத்தவனையே உக்கார வச்சு வருசாவருசம் திறை வாங்கிட்டா நிர்வாகச் செலவு அவன் தலைல, வருமானம் நமக்கு. அர்த்தசாஸ்திரத்துலயே ஜெயிக்கிறவன்ல மூணு ரகம் சொல்லியிருக்கு, பணிஞ்சா போதும்னு விடுறவன், மண்ணும் பொருளும் கேக்குறவன், பொண்டாட்டி புள்ள உசுரு வரைக்கும் கேக்குறவன். சமுத்திரகுப்தனும் அலகாபாத் தூண்ல, தெக்கத்தி ராஜாங்க பன்னெண்டு பேர (காஞ்சி விஷ்ணுகோபனும் அதுல ஒருத்தர்) பிடிச்சு விட்டுட்டேன்னு சொல்லிட்டு, பக்கத்துல இருந்த வடக்கத்தி ராஜாங்கள வேரோட பிடுங்கிட்டேன்னு சொல்றாரு. எட்டத்துல இருந்தவனுக்கு மன்னிப்பு, கிட்டத்துல இருந்தவனுக்கு சமாதி. அப்ப தர்மம் தூரத்த பொறுத்ததுதான போல.

கெடிலக்கரையான்:
மணி அண்ணே, பொம்பளைங்களையும் ஊரையும் தொட மாட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, எங்க ஊர்ப்பக்கம் திருவந்திபுரம் தேவநாதர் கோவிலுக்கு வாங்க, கல்வெட்டு இருக்கு. 1231ல நடந்தது. மூணாம் ராஜராஜ சோழன் பாண்டியனுக்கு திறை கட்ட மாட்டேன்னு சொல்லப்போய் சுந்தரபாண்டியன் மறுபடி அடிக்க, ராஜராஜன் தப்பிச்சு ஓடுற வழில சேந்தமங்கலத்துல இருந்து ஆண்ட கோப்பெருஞ்சிங்கன்கிட்ட மாட்டிக்கிட்டாரு. அவர மீட்க கர்நாடகா பக்கம் ஆண்ட ஒய்சள ராஜா நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திரகோப்பையன்னு ரெண்டு தண்டநாயகர (படைத்தலைவர) அனுப்புறாரு. அவங்க என்ன பண்ணாங்கன்னு கல்வெட்டு வரிசையா சொல்லுது: கோப்பெருஞ்சிங்கன் ஆளுங்க இருந்த ஊர்கள அழிச்சாங்க, நடுவுல சிதம்பரம் போய் பொன்னம்பலத்துல சாமி கும்பிட்டாங்க, திருப்பாதிரிப்புலியூர்ல கூடாரம் போட்டாங்க, திருவதிகை, திருவக்கரை பக்கமெல்லாம் நாசம் பண்ணி, சேந்தமங்கலத்துக்கு கிழக்க கடற்கரை வரைக்கும் ஊரைக் கொளுத்தி பொண்டுகள பிடிச்சு கொள்ளையடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் கோப்பெருஞ்சிங்கன் பணிஞ்சு சோழன விட்டாரு.

இத எழுதினது எதிரி இல்லண்ணே, ஜெயிச்சவங்க. மறைக்கணும்னே அவங்களுக்கு தோணல. கோவில் சுவத்துல பெருமையா வெட்டி வச்சிருக்காங்க. சண்டை ரெண்டு ராஜாவுக்கு, ஆனா வயல் எரிஞ்சது எங்க பாட்டன் பூட்டன் வயலு.

மலைக்கோட்டை மணி:
அது கன்னடக்காரன் படை, நம்ம ஆளுங்க அப்படி இல்ல.

கல்வெட்டுப்பித்தன்:
மணி, தார்வாட் பக்கம் ஹொட்டூர்ல 1007 வாக்குல வெட்டின சாளுக்கிய கல்வெட்டு ஒண்ணு இருக்கு. சோழன் ஒம்பது லட்சம் பேரோட வந்து நாட்ட சூறையாடி, பொம்பளை, குழந்தை, பிராமணர்னு பாக்காம கொன்னு, பொண்ணுகள தூக்கிட்டு போனான்னு புலம்புது. ஒம்பது லட்சம்ங்கறது கட்டுக்கதைதான், அந்த காலத்துல அவ்வளவு பேருக்கு தண்ணி காட்டவே முடியாது. ஆனா மீதிய எதிரி பொய்யுனு தள்ளினா, நம்மாளுங்க மெய்க்கீர்த்திய மட்டும் எந்த வாயால நம்புறது?

கோவில் விசயமும் ஒரே மாதிரி இல்ல. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிய பிடிச்சப்ப கைலாசநாதர் கோவில் சொத்த எடுக்காம திருப்பிக் குடுத்துட்டேன்னு அந்தக் கோவில் தூண்லயே கன்னடத்துல எழுதி வச்சுட்டுப் போனாரு, இப்பவும் இருக்கு. சோழன் ராஜாதிராஜன் சாளுக்கிய தலைநகர் கல்யாணபுரத்த எரிச்சுட்டு அங்க இருந்த துவாரபாலகர் சிலைய தூக்கிட்டு வந்து பீடத்துல "கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்"னு வெட்டினாரு. முதல் ஆளுக்கு விட்டுட்டு வந்தது பெருமை, ரெண்டாவது ஆளுக்கு எடுத்துட்டு வந்தது பெருமை.

சங்ககாலத்துக்கு போனாலும் இதே கதைதான். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிய நெட்டிமையார் புறநானூறு 9ல எப்படி பாடுறாரு, பசுவும் பார்ப்பனரும் பொம்பளைங்களும் நோயாளிகளும் முன்னாடியே ஒதுங்கிக்கோங்க, அம்பு விடப்போறோம்னு சொல்லிட்டு அடிக்கிற அறவான்னு. அதே புலவர், அதே ராஜாவ 15ல பாடுறாரு, எதிரி ஊர்த் தெருவ கழுதை பூட்டி உழுது பாழாக்கினியேன்னு. ரெண்டுமே புகழ்ச்சிதான், ரெண்டுக்கும் பரிசில் கிடைச்சிருக்கும். பாத்தீங்களா, குலோத்துங்கன் மதுரைல பண்ணது புதுசா கண்டுபிடிச்சது கூட இல்ல, ஆயிரம் வருசத்துக்கு மேல பழைய சடங்கு.

வைகைக்கரை:
சூப்பர் சார். ஆனா எனக்கு இன்னும் ஒண்ணு இடிக்குது. கால்ல விழ வச்சாச்சு, திறையும் பேசியாச்சு, சரி. ஆனா பின்னாடி 1279க்கு மேல சோழனே காணாம போய் டெல்டா பாண்டியன் கைக்கு வந்துடுச்சே. அப்ப மட்டும் நிர்வாகச் செலவு தெரியலயா?

ஆடிட்டர் தம்பி:
நல்லா பிடிச்சீங்க. "வழங்கியருளிய"ங்கற பட்டத்த அப்படியே நம்பக்கூடாது. பாண்டியன் சோழநாட்ட கொளுத்தின அதே நேரத்துல ஒய்சள வீரவல்லாளன் தன் மகன் நரசிம்மன படையோட ஸ்ரீரங்கம் பக்கம் அனுப்பிட்டாரு. அதுக்கு அவங்க போட்டுக்கிட்ட பட்டம் என்ன தெரியுமா, சோழராஜ்ய பிரதிஷ்டாசார்யா. ஒரே நாட்ட பாண்டியன் நான் தானம் குடுத்தேங்கறாரு, ஒய்சளன் நான் மீட்டுக் குடுத்தேங்கறாரு. ஒய்சளனுக்கும் சோழன் மேல பாசம் பொங்கல, பாண்டியனும் டெல்டாவும் ஒண்ணா சேந்துட்டா அடுத்து தன் தலைவலின்னு தெரியும். உதவி பண்ண வந்தவங்க அப்படியே சமயபுரம் பக்கம் கண்ணனூர்ல டேரா போட்டு ஒரு தலைமுறைக்கு மேல நகரவே இல்ல, வாடகைக்கு வந்தவன் வீட்ட எழுதி வாங்கின கணக்கா. கண்ணனூர்ல ஒய்சளன் இருக்குற வரைக்கும் பாண்டியனால சோழநாட்ட முழுங்க முடியல.

1251ல சடையவர்மன் சுந்தரபாண்டியன் (இவரு வேற ஆளு, முன்ன சொன்ன மாறவர்மன் இல்ல) வர்றாரு. சோழன திறை கட்ட வைக்கிறாரு, 1262 வாக்குல ஒய்சள சோமேஸ்வரன் சண்டைல சாகுறாரு, நெல்லூர் வரைக்கும் போய் கண்டகோபாலன முடிச்சுட்டு அங்க வீராபிஷேகம், ஸ்ரீரங்கத்துக்கும் சிதம்பரத்துக்கும் பொன் வேய்ஞ்சது எல்லாம் இவர்தான். அதுக்கப்புறம் சோழன காப்பாத்த வர்றதுக்கு பெரிய கை எதுவும் இல்ல. கடைசி சோழன் மூணாம் ராஜேந்திரன் கல்வெட்டு 1279ஓட நின்னு போச்சு. சடையவர்மனுக்கு அடுத்து வந்த குலசேகரபாண்டியன் (1190ல வந்தவரு இல்ல, அதே பேர்ல வேற ஆளு) யாருக்கும் எதையும் "வழங்கியருள"ல, அவசியம் இல்லாம போச்சு.

கெடிலக்கரையான்:
இத சொன்னா மணி அண்ணன் கோவிச்சுக்குவாரு, ஆனா அந்தத் துவாரபாலகர் சிலைய பாக்கணும்னா தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துல இருக்கு. முன்னாடி தாராசுரத்துல இருந்துச்சு. போனா பீடத்துல எழுத்த பாத்துட்டு வாங்க.