வெயிலில் ட்ரைசூட்: வெள்ளையா, கறுப்பா? பட்டவர்கள் சொல்லுங்கள்

கோரிமேட்டு சைக்கிள்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் கோவா 70.3 ட்ரையத்லானுக்குப் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பதிவு செய்துவிட்டேன். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். என் வேகத்துக்கு ஓட்டம் தொடங்கும்போதே மணி பதினொன்றைத் தாண்டிவிடும். அதாவது நல்ல உச்சி வெயில். கைவசம் இருந்த கறுப்பு ட்ரைசூட் (மூன்றுக்கும் சேர்த்துப் போடும் இறுக்கமான ஒரே உடை) தொடையில் தையல் விட்டுப்போனதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். என்ன நிறம் எடுப்பது என்பதுதான் கேள்வி.

கறுப்பில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். போன அக்னி நட்சத்திரத்தில் புத்தி கெட்டுப்போய் சேலம் ஓமலூர் ரோட்டில் 60 கி.மீ. சைக்கிள் மிதித்துவிட்டு, இறங்கிய கையோடு அஸ்தம்பட்டி பக்கம் ஓடினேன். மூன்றாவது கிலோமீட்டரில் தோள்பட்டை தோசைக்கல் மாதிரி சுட்டது. கையை வைத்தால் துணிதான் சுடுகிறது, அதற்குள் இருக்கும் நான் அப்புறம்தான். வீட்டுக்கு வந்து கழற்றினால் முதுகு முழுக்க உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. "என்னடா, முதுகில் கோலம் போட்டிருக்கே" என்றார் அம்மா.

பிறகு மொட்டை மாடியில் ஒரு சோதனை வேறு. ஒரே அளவு தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்து, ஒன்றுக்குக் கறுப்பு பனியன் துணி, இன்னொன்றுக்கு வெள்ளை சுற்றி, அம்மாவின் வடகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்ததில் கறுப்புப் பாட்டில்தான் முதலில் தெர்மாமீட்டரின் எல்லை தாண்டி, எண்ணுக்குப் பதில் எழுத்து காட்டியது. அரை மணி கழித்து வெள்ளையும் காட்டிவிட்டது. ஆக வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வெள்ளை ஒன்றும் ஃப்ரிட்ஜ் இல்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

அம்மாப்பேட்டைக்காரன்:

தம்பி, நான் பிறந்தது தறிச் சத்தத்தில். பிழைப்பு இப்போது திருப்பூரில், விளையாட்டு உடைக்கு பிரிண்ட் போடும் இடத்தில். ஓடுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதனால் துணிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் பாட்டில் சொன்னது சரிதான். வெயிலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஒரு பங்கு என்றால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் கிட்டத்தட்ட அதே அளவு. வெளிர் நிறம் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்புவது நம் கண்ணுக்கே தெரிகிறது. தெரியாத பாதியை அது என்ன செய்கிறது என்பது சாயத்தையும் நூலையும் பொறுத்தது. இதை வைத்துத்தான் சுவிட்சர்லாந்தின் ஷோலர் நிறுவனம் 'கோல்டுபிளாக்' என்று ஒரு பூச்சு கொண்டுவந்தது. துணி கறுப்பாகவே இருக்கும், ஆனால் அகச்சிவப்பைக் கூடுதலாகத் திருப்பிவிடும். எனவே எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு இல்லை. லேபிளில் இப்படி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது புற ஊதாக் கதிர். இங்கே கணக்கு தலைகீழ். ஒரே நெசவு, ஒரே கனம் என்றால் அடர் நிறம்தான் அதைக் கூடுதலாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளை வலைத்துணி போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நின்ற ஒருவர், முதுகில் வலைக்கண் அச்சு விழுந்து வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். வெள்ளை எடுத்தால் நெருக்கமான பின்னல் எடுங்கள். உள்ளே சன்ஸ்கிரீனும் பூசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விஷயத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். சப்ளிமேஷன் பிரிண்ட் என்பது வெள்ளை பாலியஸ்டர் மேல் சுமார் 200 டிகிரி சூட்டில் சாயத்தை ஏற்றுவது. சாயம் மேற்பரப்போடு நின்றுவிடும். துணியை இழுத்தால் அடியில் இருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும். கடையில் கருகருவென்று தெரியும் சூட், நீங்கள் போட்டுக் குனிந்ததும் சாம்பலாகிவிடுவது இதனால்தான். இடுப்புக்குக் கீழே பிரிண்ட் போட்ட கறுப்பு வேண்டாம், சாயத்தில் முக்கி எடுத்த கறுப்பு லைக்ரா (இழுத்தால் நீளும் துணி) வேண்டும். கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

தட்டுவடை செட்டு:

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுங்கள் ஜி. காற்றோட்டம் கேரண்டி.

சூரமங்கலம் அக்கா:

சிரிப்பெல்லாம் சரி. வெள்ளை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதைப் போட்டுக்கொண்டு ஓடியவள்.

கொழும்பு 70.3க்கு வெள்ளையில் ஒரு ட்ரைசூட் வாங்கினேன். வீட்டுக் கண்ணாடியில் பிரமாதமாக இருந்தது. கடலிலிருந்து எழுந்து ட்ரான்சிஷனை (சைக்கிளை எடுக்கும் இடம்) நோக்கி ஓடும்போதுதான் கீழே பார்த்தேன். அவ்வளவுதான். சைக்கிளில் ஏறி உட்காரும்வரை தலையே நிமிரவில்லை. நீச்சலில் மேலே ஸ்விம்ஸ்கின் (நீச்சலுக்கு மட்டும் போடும் மெல்லிய மேலுடை) போட்டிருந்தேன், ஆனால் அதைக் கழற்றும்போது உள்ளே எல்லாம் ஈரம்தானே. நம் ஊர்த் தண்ணீரின் சூட்டுக்கு வெட்சூட் (குளிர்ந்த தண்ணீருக்கான தடித்த ரப்பர் உடை) போட அனுமதியும் கிடைக்காது.

இதில் நான் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 26 அன்று, வெயிலுக்குப் பயந்து ஆண்கள் ட்ரையத்லான் போட்டியைக் காலை 6.30க்கே வைத்தார்கள். நார்வேயின் கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட் வெள்ளை சூட்டில் வந்து தங்கம் வாங்கினார். உலகம் பேசியது பாதி தங்கத்தைப் பற்றி, மீதி அந்த சூட் நனைந்தபின் எவ்வளவு தெரிந்தது என்பதைப் பற்றி. தங்கம் வாங்கினால் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். எனக்கு மெடல் கிடைத்ததே, கொடுப்பவர்கள் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான்.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போட்டி தேதியை நாம் குறிப்பதில்லை, மாதவிடாய் தேதியையும் நாம் குறிப்பதில்லை. இரண்டும் ஒரே நாளில் வந்தால் வெள்ளைக் கால்சட்டையில் ஏழு மணி நேரம் என்பது தண்டனை. இடுப்புக்குக் கீழே அடர் நிறம் தவிர வேறு எதுவும் இனி என் அலமாரிக்கு வராது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் வெள்ளை ஸ்லீவ் (கையில் தனியாக மாட்டும் துணி உறை) காப்பாற்றியது. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் கையை நனைத்துக்கொண்டேன், உள்ளே ஐஸ் துண்டு செருகினேன். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரி அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும் என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். 'ஆவியானால்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சேலத்து வறண்ட வெயிலில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். கடலோரத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும், காயவே காயாது. கோவாவும் அப்படித்தான். இங்கே கறுப்பில் சமாளித்தேன், அங்கேயும் முடியும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள் தம்பி.

குப்பனூர் ஏற்றம்:

நீங்கள் எல்லோரும் பந்தயத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பந்தயம் ஒரு நாள். பயிற்சி வருடம் முழுக்க, அதுவும் நமக்கு ஏற்காட்டு மலையில். அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஓட்டுகிறவர் கண்ணில் நாம் தெரிய வேண்டாமா?

போன மார்கழியில் விடிவதற்கு முன் அடிவாரத்தில் ஏறத் தொடங்கினேன். மேலே வெள்ளை ஜெர்சி. பாதி மலைக்கு மேல் பனிமூட்டம். எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் வந்த நண்பர் திடீரென்று "எங்கே இருக்கீங்க?" என்று கூப்பிட்டார். அவர் விளையாடவில்லை, மூட்டத்தோடு மூட்டமாக நான் கரைந்துபோயிருந்தேன். அடுத்த வளைவில் எதிரே வந்த வேன் என்னைப் பார்த்த தூரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்றோடு மலைக்கு வெள்ளையும் இல்லை, வெளிர் சாம்பலும் இல்லை.

அடுத்து பளிச்சென்று நியான் மஞ்சள் வாங்கினேன். நன்றாகத்தான் தெரிந்தது, பூச்சிகளுக்கும். குப்பனூர்ப் பாதையில் தோட்டங்களை ஒட்டிப் போய்விட்டு வந்தால் நெஞ்சில் குட்டிக்குட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் காய்கறி போட்டிருக்கும் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "நாங்க காசு கொடுத்து மஞ்சள் அட்டை வாங்கித் தொங்கவிடறோம், நீங்க சும்மாவே சுத்துறீங்க" என்றார். அசுவினி, வெள்ளை ஈ பிடிக்க மஞ்சள் ஒட்டும் பொறி வைப்பார்களே, அது.

இப்போது ஆரஞ்சு. மூட்டத்திலும் தெரிகிறது, பச்சை மரங்களுக்கு நடுவிலும் தெரிகிறது. சூடு? கறுப்பைவிடத் தேவலை, வெள்ளையைவிடக் கொஞ்சம் கூட. மேலே போகப்போக குளிர்ந்துவிடும், 1,000 மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குறையும். ஏறும்போது வேகம் இல்லாததால் காற்றும் இல்லை, அடிவாரத்து நாலைந்து கிலோமீட்டர்தான் வேகவைக்கும். குளிர்கிறதே என்று மேலே சன்ஸ்கிரீனை மறந்துவிடாதீர்கள், உயரத்தில் புற ஊதா கூடும்.

ஜவ்வரிசிக் களம்:

ஆத்தூர் ரோட்டில் எங்களுக்கு ஜவ்வரிசி மில் இருக்கிறது. சிமெண்ட் களம் முழுக்க வெள்ளையாகக் காயும். மேலே வெயில், கீழிருந்து திரும்பி அடிக்கும் வெளிச்சம். அங்கே வேலை செய்யும் அக்காக்கள் என்ன போடுகிறார்கள் தெரியுமா? புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சட்டை என்ன நிறம் என்று யாரும் பார்ப்பதில்லை. தொளதொளவென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு ஆராய்ச்சியே உண்டு. பாலைவனத்து பெடூயின்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று சோதித்து 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை வாங்குவது உண்மை. ஆனால் தொளதொள அங்கிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று ஓடுவதால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வந்து சேர்வதில்லை. வெள்ளை போட்டவருக்கும் கறுப்பு போட்டவருக்கும் உடம்பில் ஏறியது ஒரே அளவுதான்.

ட்ரைசூட்டில் அந்தக் காற்று இல்லை, தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. அதனால்தான் இங்கே நிறத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் நிறத்துக்கு முன் முன்பக்க ஜிப் இருக்கிறதா, முதுகில் வலைத்துணி எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்று கவனியுங்கள்: வெயில் நேராக விழுவது தோளிலும் முதுகிலும்தான். தொடையில் சாய்ந்துதான் விழுகிறது, ஓடும்போது அசைந்துகொண்டும் இருக்கிறது. கீழே கறுப்பு போட்டால் பெரிதாக நஷ்டம் இல்லை.

தட்டுவடை செட்டு:

அப்போ வேட்டி சரிதானே? நான் சொன்னதைத்தான் நேச்சரில் போட்டிருக்கிறார்கள்.

கோரிமேட்டு சைக்கிள்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அக்கா சொன்னதைக் கேட்டும் கேட்காமல், நண்பன் ஒருவனின் முழு வெள்ளை சூட்டை இரவல் வாங்கி, மாமா தோட்டத்துக் கிணற்றில் குதித்துப் பார்த்தேன். நான் நீச்சல் கற்றது அதே கிணற்றில்தான், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. படியேறி மேலே வந்ததும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாப்ளே, திரும்ப உள்ளேயே இறங்கிடு, அத்தை சோறு கொண்டு வர்றா" என்றார். துண்டு வரும்வரை கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். இவ்வளவுக்கும் அது இரண்டு வருடம் நீச்சல் குளத்துக் குளோரினில் ஊறிய துணி. லைக்ரா தளர்ந்திருந்தது. புதியது இவ்வளவு மோசமாக இருக்காது என்று நண்பன் சாதிக்கிறான்.

கடைசியில் எடுத்தது: மேலே வெளிர் நீலம், தோளிலும் முதுகிலும் நெருக்கமான பின்னல், முன்பக்க ஜிப், இடுப்புக்குக் கீழே கறுப்பு. கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தேன், பல்லைக் காட்டவில்லை. கடைக்காரர் முறைத்தார். வெள்ளை ஸ்லீவ் ஒரு ஜோடி தனியாக. மலைக்கு ஆரஞ்சு ஜெர்சி. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு மேல் போட்டு ஓடிப் பார்த்துவிட்டுத் தோள் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன்.

குப்பனூர் ஏற்றம்:

என் நியான் மஞ்சள் சும்மாதான் கிடக்கிறது, மீடியம் சைஸ். துவைத்துவிட்டேன், பூச்சி இல்லை. டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.