மென்பொருள் வேண்டாம், மீள்மம் போதும்

அனைவருக்கும் வணக்கம்.

மின்புலத்தால் உருமாறும் மெத்தென்ற ரப்பர்க் குழலுக்கு 'மின்வினை மென்பொருள் இயக்கி' என்று ஒரு தமிழ்ப் பெயர் பரிந்துரையாக வந்திருக்கிறது. மென்பொருள் என்றாலே யாருக்கும் கணினிதான் நினைவுக்கு வரும். இயக்கியும் அப்படித்தான், அச்சுப்பொறிக்காக நிறுவும் நிரலையே இயக்கி என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டையும் சேர்த்தால் வாசிப்பவர் வேறெங்கோ போய்விடுவார்.

குழல் செய்யும் வேலையைப் பார்ப்போம். சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் குழலின் உட்புறமும் வெளிப்புறமும் கரிப்பசை போல, கூடவே நீளக்கூடிய மின்முனையைப் பூசி, சில ஆயிரம் வோல்ட் கொடுக்கிறார்கள். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சுவர் மெலிகிறது. ரப்பரின் கன அளவு மாறாது என்றே சொல்லலாம்; எனவே மெலிந்தது எங்காவது நீண்டுதான் ஆக வேண்டும். மின்னூட்டிய ரப்பரின் நீளம் மாறுவதை எக்ஸ் கதிர் கண்ட ரோண்ட்கன் 1880-லேயே காட்டிவிட்டார். மெலிய மெலிய மின்புலம் வலுக்கும், வலுத்தால் இன்னும் மெலியும். கட்டு மீறினால் மின்முறிவுதான், அதாவது மின்சாரம் சுவரைத் துளைத்துப் பாய்ந்துவிடும்.

அப்புறம், குழல் நெடுக ஓடும் அலை. 'இயக்கி' இடறுவது இங்கேதான். இரு முனைகளையும் இழுத்துக் கட்டிய குழலில் மின்னழுத்தத்தை ஏற்றினால் குழல் நீளப் பார்க்கும். முனைகள் விடாது. அதனால் இழுவிசை தளரும், குழல் நெடுக ஓடும் குறுக்கலையின் வேகம் குறையும். இழுவிசை அடியோடு போய், அமுக்கமாக மாறினால் குழலே வளைந்துவிடும். இதில் குழல் எதையும் இயக்கவில்லை. அலைக்குப் பாதையாக இருக்கிறது, அவ்வளவுதான். பாதையின் வேகத்தை மின்னழுத்தம் மாற்றுகிறது. எஃகினுள் குறுக்கலை நொடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் பாயும். விறைப்புக் குணகம் (உருமாற்றத்தை எதிர்க்கும் அளவு) 1 லட்சம் பாஸ்கல் உள்ள ரப்பரிலோ சுமார் 10 மீட்டர்தான். ரப்பர் இவ்வளவு மெத்தென்று இருப்பதால்தான் அலையும் மெதுவாகிறது, மின்னழுத்தத்தால் அதைக் கணிசமாக மாற்றவும் முடிகிறது.

எனவே என் பரிந்துரை 'மின்னியங்கு மீள்மக் குழல்'. மீள்மம் என்றால் இழுத்துவிட்டால் பழைய உருவுக்கு மீளும் ரப்பர் போன்ற பொருள். தமிழ்நாட்டுப் பாடநூலின் மீட்சிக்கும் இலங்கைப் பாடநூலின் மீள்தன்மைக்கும் 'மீள்'தான் வேர். மீள்மம் இரு பக்கமும் புரியும். மின்னால் அசைவது என்ற பொருளில் 'மின்னசை' எனலாம், சுருக்கம்தான்; ஆனால் மின்+நசை (விருப்பம்) என்று பிரித்து யாராவது காதல் கவிதை எழுதிவிடுவார்கள்.

அலைக்கு 'மீட்சி அலை'யே இருக்கட்டும். மின்னழுத்தம் ஏற்றுமுன் குழலை நீட்டி வைப்பதை 'முன்னிழுப்பு' என்று எழுதியிருந்தீர்கள். இழுப்பு என்றால் விசை என்று தோன்றும். குழலின் சமன்பாட்டில் வருவது விசை அல்ல, நீள விகிதம் (நீட்டிய நீளம் ÷ இயல்பு நீளம்). 'முன்நீட்சி' சரியாக இருக்குமா?